கீழே ஓடை, மேலே வண்டி: பள்ளத்தாக்கில் இறங்கிக் குளிக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெயர்ப்பலகை இல்லாத ஒற்றையடிப் பாதை. விளிம்பிலிருந்து 300, 400 மீட்டர் இறக்கம். அடியில் நீந்தத் தோதான ஒரு மடு. இப்படிப்பட்ட இடத்துக்கு முதல்முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. கணக்குப் போட வேண்டிய இடங்களில் ஒரே பாதையை மாதிரியாக எடுத்துக்கொள்வோம்: ஒரு வழி 4 கி.மீ., இறக்கம் 400 மீட்டர்.

மலையேறிப் பழக்கம் உண்டு. அதைவிட இது எளிதுதானே?

அப்படி நினைப்பவர்கள்தான் மாலையில் பாதி ஏற்றத்தில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மலையேற்றத்தில் கஷ்டம் முதலில் வந்துவிடும். முடியவில்லை என்றால் நின்ற இடத்திலேயே திரும்பலாம், மிச்சம் இறக்கம்தான். பள்ளத்தாக்கில் எல்லாம் தலைகீழ். காலையில், குளிர்ந்த நேரத்தில், புதுத் தெம்போடு இறங்குகிறீர்கள். நீந்திக் களைத்து, வெயில் ஏறி, தண்ணீர்ப் புட்டி பாதி காலியான பிறகுதான் ஏற்றம் தொடங்குகிறது. "கால் வலிக்கிறது, திரும்பலாம்" என்று தோன்றும்போது திரும்பும் வழியே அந்த ஏற்றம்தான். ஆகவே இறங்கும் ஒவ்வொரு பத்து நிமிடத்தையும் ஏறும் இருபது நிமிடமாகக் கணக்கில் எழுதிக்கொண்டே இறங்குங்கள்.

மொத்தம் எவ்வளவு நேரம் ஆகும்?

1892-இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன கணக்கு இன்றும் கை கொடுக்கிறது: 5 கி.மீ. தூரத்துக்கு ஒரு மணி நேரம், அதன் மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். நம் மாதிரிப் பாதையில் ஏறுவதற்கு: தூரத்துக்கு 48 நிமிடம், உயரத்துக்கு 40 நிமிடம், ஆக ஏறக்குறைய ஒன்றரை மணி.

இது நல்ல பாதையில், நல்ல உடல்வாகு உள்ளவருக்கு, ஓய்வே இல்லாத கணக்கு. சரளைக்கல், உருட்டுப்பாறை, முள், வெயில் எல்லாம் உள்ள பாதைக்கு ஒன்றரை மடங்காக்கிப் பத்துப் பதினைந்து நிமிட ஓய்வையும் சேர்த்தால் இரண்டரை மணி. இறங்க அதில் பாதி, ஒன்றேகால் மணி. நடை மட்டும் மூன்றேமுக்கால் மணி நேரம். குழுவில் எல்லோரையும் விட மெதுவாக நடப்பவர் யாரோ அவருடைய வேகத்தில்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

கிளம்பும் நேரத்தை முதலில் யோசிக்காதீர்கள். தண்ணீரை விட்டு எழுந்திருக்கும் நேரத்தை முதலில் முடிவு செய்யுங்கள். மற்றது தானாக அமையும்.

வெயில் காலத்தில் இரண்டு வழி உண்டு. ஒன்று, விடியற்காலை 6 மணிக்கு இறங்கத் தொடங்கி, 7.15-க்கு மடுவை அடைந்து, 9 மணிக்கெல்லாம் ஏறத் தொடங்கி 11.30-க்கு மேலே வந்துவிடுவது. இரண்டு, பகல் முழுக்கக் கீழே நிழலில் கிடந்துவிட்டு 3.30-க்கு ஏறுவது. மதியம் 12-லிருந்து 3 வரை ஏறுவது என்ற மூன்றாவது வழியைத்தான் நிறையப் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள். பசி எடுத்ததும் கிளம்புகிறார்கள், அதுதான் காரணம்.

இரண்டில் எது என்பதைப் பாதை எந்தச் சுவரில் ஏறுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம். பள்ளத்தாக்கின் மேற்குச் சுவரில் ஏறும் பாதை பிற்பகலில் நிழலுக்குள் வந்துவிடும். கிழக்குச் சுவரில் உள்ள பாதைக்குக் காலையில்தான் நிழல். பிற்பகலில் அந்தப் பாறை முழுக்க அடுப்பு மாதிரி இருக்கும். வரைபடத்தில் ஒரு நிமிடம் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது.

இன்னொன்று: அடிவாரத்தில் பொழுது சாய்வது வேறு, அஸ்தமனம் வேறு. குறுகிய பள்ளத்தாக்கில் சூரியன் விளிம்புக்குப் பின்னால் போனதும், அஸ்தமனத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே, கீழே மங்கலாகிவிடும். எத்தனை மணிக்குத் திரும்பத் திட்டமிட்டிருந்தாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு பையில் இருக்கட்டும். போன் வெளிச்சம் ஒரு கையைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் இரண்டு கையும் வேண்டும்.

கீழே ஓடை இருக்கிறதே, குளுகுளுவென்றுதானே இருக்கும்?

தண்ணீருக்குள் இருக்கும் வரை. காற்று கீழே இறங்க இறங்கச் சூடாகும். வறண்ட காற்றில் 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி செல்சியஸ். 400 மீட்டர் இறங்கினால் 4 டிகிரி கூடுதல். அது போக, வெயிலில் காய்ந்த பாறைச் சுவர்கள் இருபக்கமும் வெப்பத்தைத் திருப்பி அடிக்கும், காற்றும் ஓடாது. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் போன்ற மிக ஆழமான இடங்களில் விளிம்புக்கும் அடிவாரத்துக்கும் 10 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வருவது சாதாரணம். விளிம்பில் நின்று வானிலையைப் பார்த்துவிட்டு "இன்று இதமாக இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள்.

எவ்வளவு குடிநீர் எடுத்துப் போக வேண்டும்?

நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அரை லிட்டர், கடும் வெயிலில் ஏறும்போது முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. நம் மாதிரிப் பாதைக்கு ஆளுக்கு 3 லிட்டர் சரியாக இருக்கும். அதாவது 3 கிலோ எடை. ஏற்றத்துக்குத் தேவையானதில் ஒரு லிட்டரைப் பாதி வழியில் நிழலான பாறை இடுக்கில் வைத்துவிட்டு இறங்கலாம். வைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறி வரும்போது எல்லா இடுக்கும் ஒரே மாதிரி தெரியும். காலிப் புட்டியை விட்டுவிட்டு வந்தால் அது குப்பை.

வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் உப்பு போய், குடித்த தண்ணீர் மிச்ச உப்பையும் நீர்க்கச் செய்துவிடும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வெயில் தாக்கியது போலவே இருக்கும். மணிக்கொரு தரம் உப்புள்ள தின்பண்டம் எதையாவது வாயில் போட்டுக்கொள்ளுங்கள். கடையில் விற்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால், 1 லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் கரண்டியில் தலைதட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் தீங்கு, குறைந்தால் பரவாயில்லை.

ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாமா? கண்ணாடி மாதிரி இருக்கிறதே?

தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. மேலே ஏதோ ஒரு வளைவில் மாடோ மானோ தண்ணீரில் நின்றுகொண்டிருக்கலாம். மூன்று வழி உண்டு.

கொதிக்க வைப்பது: நன்றாகக் குமிழியிட்டு ஒரு நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் என்றால் மூன்று நிமிடம். வடிகட்டி: 0.1 அல்லது 0.2 மைக்ரான் அளவுள்ளது பாக்டீரியாவையும் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளையும் தடுத்துவிடும். வைரஸை முழுதாகத் தடுக்காது. குளோரின் மாத்திரை: போட்டுவிட்டு 30 நிமிடம் பொறுக்க வேண்டும், கலங்கல் நீரில் சரியாக வேலை செய்யாது.

வடிகட்டி அடைத்துக்கொள்வது கலங்கல் நீரால்தான். ஒரு பாத்திரத்தில் பிடித்து அரைமணி தெளிய விட்டு, மேல் நீரைத் துணியில் வடித்து, அதன் பிறகு வடிகட்டியில் ஊற்றுங்கள். நூலிழை வடிகட்டி ஒருமுறை ஈரத்தோடு உறைந்துவிட்டால் உள்ளே இழைகள் வெடித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. குளிர் இரவில் அதை உறங்கும் பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாதை எது என்று எப்படி உறுதி செய்வது? ஜிபிஎஸ் போதாதா?

போதாது. இருபுறமும் சுவர் எழும்பியதும் போனுக்குத் தெரியும் வானம் சுருங்கிவிடும். செயற்கைக்கோள் சமிக்ஞை பாறையில் பட்டுத் தெறித்தும் வரும். நீங்கள் பாதையில் நிற்கும்போது திரையில் உள்ள புள்ளி எதிர்ச்சுவரில் நிற்கும். வரைபடத்தை இணையம் இல்லாமலே பார்க்கும்படி முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், சிக்னலைத் தேடித் தேடியே பாட்டரி தீர்ந்துவிடும். காகிதத்தில் ஒரு பிரதியும் இருக்கட்டும்.

வரைபடத்தில் பார்க்க வேண்டியது சம உயரக் கோடுகளின் நெருக்கத்தை. கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கறுப்புப் பட்டையாகத் தெரியும் இடம் செங்குத்துப் பாறை. உண்மையான பாதை அந்தப் பட்டையில் எங்கோ ஓர் இடைவெளியைத் தேடிப் போய்த்தான் இறங்கும். அந்த இடைவெளிதான் முழுப் பயணத்தின் சாவி.

வழி தவறுவது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடக்கிறது. பாதை பக்கவாட்டில் வளையும் இடத்தில், நேராகக் கீழே ஒரு வறண்ட நீர்வழி இறங்கும். அது பாதையைவிட அகலமாக, பாதை மாதிரியே தெரியும். நூறு மீட்டர் சுகமாக இறங்கிய பிறகு, மழைக்காலத்தில் அருவி விழும் பாறை விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். காலடித் தடம், வெட்டிய கிளை, அடுக்கிய கல் எதுவும் ஐந்து நிமிடமாகக் கண்ணில் படவில்லை என்றால் கடைசியாகப் பார்த்த அடையாளத்துக்குத் திரும்பி ஏறுங்கள். குறுக்கே புதரை மிதித்துப் போய்ப் பாதையைப் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, முகத்தைத் திருப்பி, வந்த வழியைப் பாருங்கள். ஏறும்போது நீங்கள் பார்க்கப் போகும் காட்சி அதுதான். ஓடைக்கரையைத் தொடும் இடத்தில் இது இன்னும் முக்கியம். கரையில் பத்துச் சந்துகள் இருக்கும், அதில் ஒன்றுதான் உங்கள் பாதை.

ஆளுயரப் பாறை ஒன்று குறுக்கே இருக்கிறது. சறுக்கி இறங்கிவிடலாமா?

முதலில் ஒருவர், பை இல்லாமல், பாதி வரை இறங்கி அப்படியே திரும்பி ஏறிக் காட்டட்டும். ஏற முடியாத இடத்தில் இறங்கக் கூடாது. காய்ந்த பாறையில் ஏற முடிகிறது என்பதும் போதாது. மாலையில் ஈரக் காலணியோடு அதே இடத்தில் ஏற வேண்டும். மணற்பாறை என்றால் மழைக்குப் பிறகு ஓரிரு நாள் பலவீனமாக இருக்கும், பிடித்த விளிம்பு கையோடு வந்துவிடும்.

யாரோ கட்டிவிட்டுப் போன கயிறு தொங்கினால், பிடித்து நடக்கத் துணையாக வைத்துக்கொள்ளலாம், உடல் எடையை அதில் தொங்கவிடாதீர்கள். வெயில் பட்டு விறைத்திருக்கும், முடிச்சுக்குப் பின்னால் பாறை விளிம்பில் உரசி நைந்திருக்கும். நைந்த இடம் கீழே நிற்பவர் கண்ணில் படாது.

மழை இல்லாத நாளில் வெள்ளம் வருமா?

வரும். உங்கள் தலைக்கு மேல் நீலவானமாக இருக்கும். 1997 ஆகஸ்ட் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள ஆன்டெலோப் கேன்யனில் 11 சுற்றுலாப் பயணிகள் இறந்ததும் இப்படித்தான். மழை பெய்தது தொலைவில், மேட்டுப் பகுதியில். பள்ளத்தாக்கு ஒரு புனல். மேலே அகன்ற பரப்பில் விழும் மழை முழுவதும் நீங்கள் குளிக்கும் அந்தக் குறுகிய வழியாகத்தான் போயாக வேண்டும்.

ஆகவே கிளம்பும் முன் மடு இருக்கும் இடத்துக்கு மட்டும் வானிலை பார்த்தால் போதாது. ஓடை எங்கே பிறக்கிறது, எந்த மலைகளின் நீரெல்லாம் அதில் சேர்கிறது என்று வரைபடத்தில் விரலால் தொடர்ந்து போய், அந்த இடங்களுக்கும் பாருங்கள். இடியுடன் மழை என்று அங்கே எங்கு போட்டிருந்தாலும் அன்று போகாதீர்கள். மேலே அணை இருந்தால் தண்ணீர் திறக்கும் நேரத்தையும் கேட்டு வையுங்கள்.

கரையை அடைந்ததும் முதல் வேலையாக இரண்டு விஷயம். ஒன்று, தலைக்கு மேல் பாருங்கள். மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் சருகு, சுள்ளி, கிழிந்த பிளாஸ்டிக் எந்த உயரத்தில் சிக்கியிருக்கிறதோ, கடந்த வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கு மேலே ஏறிப் போக எந்த வழி என்று அப்போதே பார்த்து வையுங்கள், பைகளையும் அங்கேயே வையுங்கள். இரண்டு, தண்ணீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். கால்மணிக்கு ஒருமுறை பாருங்கள். குச்சியைத் தாண்டி இரண்டு விரல் ஏறியிருந்தாலும் கிளம்பிவிடலாம்.

மற்ற அறிகுறிகள்: தெளிந்த நீர் தேநீர் நிறத்துக்கு மாறுவது, சருகும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, திடீரென்று மண்வாசனையோடு காற்று, மேல்பக்கமிருந்து லாரி வருவது போன்ற இரைச்சல். இரைச்சல் கேட்டுவிட்டால் பையை எடுக்கவும் நேரமில்லை. ஓடைப்போக்கில் கீழ்நோக்கி ஓடாதீர்கள், வெள்ளத்தைவிட வேகமாக யாரும் ஓட முடியாது. பக்கவாட்டில் ஏறுங்கள். வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். மேலே ஏறிய பிறகு, பாதை எதிர்க்கரையில் இருந்தாலும், நீர் வடிந்து நிறம் தெளியும் வரை அங்கேயே இருங்கள். பசியோடு ஓர் இரவு கழிந்தாலும் சரி.

மடுவில் இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும்?

ஏறி வரும் வழியை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள். நீர் அரைத்து அரைத்துக் கிண்ணம் போலான மடுக்களில் கரை நான்கு பக்கமும் வழவழவென்று சரிந்திருக்கும், மேலே பாசி வேறு. இறங்குவது ஒரு வழுக்கு. ஏறப் பிடிமானம் இருக்காது. நீந்தத் தெரிந்தவரும் விளிம்பைப் பிடிக்கப் பிடிக்க வழுக்கி, குளிரில் கை விறைத்துப் போவார். படி போன்ற பாறையோ மணல் கரையோ இருக்கிறதா என்று பார்த்த பிறகு இறங்குங்கள். இல்லையென்றால் ஒரு கயிற்றை மரத்தில் கட்டி உள்ளே விடுங்கள்.

அடுத்து ஆழம். நீண்ட குச்சியாலோ, கயிற்றில் கல் கட்டியோ பல இடத்தில் அளந்து பாருங்கள். தெளிந்த நீரில் அடித்தரை இருப்பதைவிடக் கிட்டத்தில் தெரியும். கழுத்தளவு என்று தோன்றுவது தலைக்கு மேல் போகும். கலங்கல் நீரில் ஒன்றுமே தெரியாது. போன வருடம் ஆழமாக இருந்த இடத்தில் இந்த வருட வெள்ளம் பாறையை உருட்டிப் போட்டிருக்கும், ஆகவே பழைய படத்தை நம்ப வேண்டாம்.

பாறையிலிருந்து குதிக்கலாமா?

தலைகுப்புற வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்தால் அடிவாரத்திலிருந்து தூக்கிக்கொண்டு போக வழியே கிடையாது. கால் முதலாகக் குதிப்பதற்கும் கணக்கைப் பாருங்கள்: 3 மீட்டரிலிருந்து குதித்தால் நீரைத் தொடும்போது வேகம் மணிக்கு 28 கி.மீ., 6 மீட்டரிலிருந்து 39 கி.மீ. அளந்து, உள்ளே மூழ்கித் தடவிப் பார்த்து, அதன் பிறகு தாழ்வான இடத்திலிருந்து குதித்தால் போதும். எங்கள் பரிந்துரை, இறங்கி நீந்துங்கள் என்பதே.

தண்ணீர் ரொம்பக் குளிர்கிறது. பழகிவிடுமா?

15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரில் திடீரென்று விழுந்தால் உடல் தன்னிச்சையாக ஒரு பெருமூச்சை இழுக்கும். அப்போது தலை நீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். வெயிலில் ஒன்றேகால் மணி நடந்து கொதித்துக்கொண்டிருக்கும் உடம்போடு குதிக்கிறவருக்கு இந்த அதிர்ச்சி இன்னும் கடுமை. கரையில் பத்து நிமிடம் உட்காருங்கள். கால், தொடை, கை, பிடரி, மார்பு என்று நனைத்துக்கொண்டு மெதுவாக இறங்குங்கள். முதல் ஓரிரு நிமிடம் மூச்சு வாங்கும், பிறகு அடங்கும். அடங்கிய பிறகு நீந்தத் தொடங்குங்கள்.

மேல்மட்டத்தில் வெதுவெதுப்பாக இருந்து, இடுப்புக்குக் கீழே பனிக்கட்டி போல் இருப்பதும் உண்டு. நடுக்கம் தொடங்கினால் "இன்னும் ஒரு சுற்று" இல்லை, கரைக்கு வந்துவிடுங்கள். விரல்கள் சொன்னபடி கேட்காமல் போவது நடுக்கத்துக்கு அடுத்த கட்டம்.

அருவிக்கு அடியில் போய் நிற்கலாமா? ஓடையில் மிதந்து போகலாமா?

சிறு தூவானம் என்றால் சரி. பலமாக விழும் அருவி நீரைச் சுழற்றி உள்ளேயே வைத்துக்கொள்ளும். நுரை நிறைந்த நீரில் காற்று கலந்திருப்பதால் உடம்பு மிதப்பதும் குறையும். மேலிருந்து நீரோடு கல் விழும் என்பது தனி.

ஓட்டமுள்ள இடத்தில் முழங்காலுக்கு மேல் நீர் இருந்தால் எழுந்து நிற்கப் பார்க்காதீர்கள். பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால் நீர் உங்களை முன்னே தள்ளி முகத்தை உள்ளே அழுத்தும். அடித்துச் செல்லப்பட்டால் மல்லாந்து, பாதங்கள் முன்னே, கால்விரல்கள் நீருக்கு மேலே தெரிய, கைகளால் துழாவிக் கரைப்பக்கம் ஒதுங்குங்கள். குறுக்கே விழுந்து கிடக்கும் மரம்தான் எல்லாவற்றையும்விட மோசம்: தண்ணீர் அதன் கிளைகளுக்குள் புகுந்து போய்விடும், ஆள் சிக்கிக்கொள்வார். அது கீழ்ப்பக்கம் இருக்கும் இடத்தில் நீந்தவே வேண்டாம்.

ஒருவர் தத்தளித்தால்?

நீந்தத் தெரியும் என்று உடனே குதிக்காதீர்கள். ஒருவரோடு முடிய வேண்டிய ஆபத்து இரண்டாவது உயிரையும் பிடித்துக்கொள்ளும். முதலில் குச்சி, துண்டு, கிளை எதையாவது குப்புறப் படுத்து நீட்டுங்கள். எட்டவில்லை என்றால், மிதக்கும் பொருளைக் கயிற்றில் கட்டி எறியுங்கள்: வாய் மூடிய காலித் தண்ணீர்ப் புட்டி, காற்று அடைத்த நீர்புகாப் பை. 15 மீட்டர் மிதக்கும் கயிறு ஒன்று குழுவுக்குப் போதும், எடையும் அரைக்கிலோ வராது. சிறுவர்களுக்கு உயிர்காப்பு அங்கி, அதோடு கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், அவர் கையில் போன் இல்லாமல்.

மது? மேலே வந்த பிறகு.

குளித்தால் நோய் வருமா?

மழைக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் காத்திருங்கள். கரையில் உள்ள கழிவெல்லாம் அப்போதுதான் ஓடையில் இறங்கும். விலங்குகளின் சிறுநீர் வழியாகப் பரவும் எலிக்காய்ச்சல் வெட்டுக்காயம், கண், மூக்கு வழியாகப் புகும். குளித்து ஒரு மாதத்துக்குள் கடும் காய்ச்சலும் தசைவலியும் வந்தால் ஓடையில் குளித்ததை மருத்துவரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாது. தேங்கி வெதுவெதுப்பான நீரில் மூக்குக்குள் தண்ணீர் ஏற விடாதீர்கள், மூளையைத் தாக்கும் அமீபா மிக அரிது என்றாலும் வந்தால் பிழைப்பது கடினம். பச்சைப் பெயிண்டைக் கொட்டியது போல் படலம் மிதந்தால் நாயைக்கூட இறக்காதீர்கள்.

எந்தக் காலணி?

இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் பிடிப்புள்ள, கணுக்காலில் இறுக்கமான ஒரு ஜோடி. தண்ணீருக்கு விரல் மூடிய, வாரால் இறுக்கும் லேசான செருப்பு ஒரு ஜோடி. வீட்டுச் செருப்பு பாசிப்பாறையில் காலோடு நிற்காது.

இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கிக் கட்டைவிரல் நகம் காலணியில் முட்டி முட்டிக் கறுத்துப் போகும். முந்தைய நாள் நகத்தை வெட்டிவிடுங்கள். கிளம்பும்போது குதிகாலைத் தரையில் தட்டி, காலைப் பின்னுக்குத் தள்ளி, கணுக்கால் பக்கத்துக் கயிற்றை இறுக்குங்கள். நடைக்குச்சி வைத்திருந்தால் இறக்கத்துக்கு 5 முதல் 10 செ.மீ. நீட்டியும், ஏற்றத்துக்குக் குறைத்தும் வைக்க வேண்டும்.

நீந்திய பிறகு ஏறும்போது கொப்புளம் வருகிறது. ஏன்?

ஊறிய தோல் மென்மையாகி உரசலுக்குக் கிழியும். அதில் ஒட்டிய மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். ஏறத் தொடங்கும் கால்மணி முன்பே நீரிலிருந்து எழுந்து, பாதத்தைக் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, வெயிலில் காயவிட்டு, எடுத்து வைத்திருந்த காய்ந்த காலுறையைப் போடுங்கள். அந்த ஒரு ஜோடிக் காலுறை நீர்புகாப் பையில் இருக்க வேண்டும், துண்டோடு சேர்த்துச் சுருட்டி வைத்தால் அதுவும் ஈரம். எங்காவது சுருக்கென்று சூடாகத் தெரிந்தால் அங்கேயே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள்.

சட்டைக்கு நேர்மாறு. வெயிலில் ஏறுவதாக இருந்தால் சட்டையையும் தொப்பியையும் நனைத்துக்கொண்டே கிளம்புங்கள், முதல் அரைமணி நேரம் அதுவே குளிர்சாதனம். குளிர்காலம் என்றால் ஈரத்துணி ஒன்றும் உடம்பில் இருக்கக் கூடாது.

ஏற்றத்தை எப்படிச் சமாளிப்பது?

பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு நின்றால் வேகத்தைக் குறையுங்கள். மணிக்கொரு முறை பத்து நிமிடம் உட்கார்ந்து, காலைப் பாறை மேல் தூக்கி வையுங்கள். வளைந்து போகும் பாதையைக் குறுக்கே வெட்டி ஏறாதீர்கள்: கல் உருண்டு கீழ் வளைவில் வருபவர் மேல் விழும். கல் நகர்ந்துவிட்டால் வெட்கப்படாமல் "கல்! கல்!" என்று கத்துங்கள்.

தலை சுற்றல், குமட்டல், ஈரப் பிசுபிசுப்பான தோல் என்றால் நிழலில் படுக்க வைத்து, நனைத்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து, குறைந்தது ஒரு மணி நேரம் ஓய்வு. பேச்சு குழறினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்பத் தாக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்), உயிராபத்து. ஓடை கிட்டத்தில் இருந்தால் கழுத்து வரை நீரில் இறக்கி, தலையைப் பிடித்துக்கொண்டு, உடனே குளிர்விக்க வேண்டும். உதவி கேட்பது அதோடு சேர்ந்தே நடக்கட்டும். குளிர்விப்பதை அதற்காகத் தள்ளிப் போடக் கூடாது.

கீழே சிக்னல் இல்லை. அடிபட்டால்?

கிளம்பும் முன் ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள்: வண்டி நிற்கும் இடம், பாதை தொடங்கும் இடம், எந்த மடு, எத்தனை பேர், எத்தனை மணிக்குப் போன் செய்வோம், எத்தனை மணி வரை வராவிட்டால் அவர் யாரை அழைக்க வேண்டும். கடைசி வரி இல்லாவிட்டால் மற்றதால் பயனில்லை, அவர் "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்" என்று காலை வரை பொறுத்திருப்பார்.

விசில் ஆளுக்கொன்று. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு. பதில் மூன்று. இரவில் விளக்கிலும் இதே எண்ணிக்கை. செயற்கைக்கோள் கருவி வைத்திருந்தால் குறுகிய இடத்தில் அனுப்பாதீர்கள், வானம் அகலமாகத் தெரியும் திருப்பத்துக்கு நகர்ந்து அனுப்புங்கள். இரண்டு பேர் மட்டும் போவது இங்கேதான் இடிக்கிறது. ஒருவர் விழுந்தால் உதவிக்குப் போக ஒருவர், கூட இருக்க ஒருவர் என்று குறைந்தது மூன்று பேராவது வேண்டும்.

பாம்பு?

பாறையைத் தாண்டும்போது மேலே மிதித்து, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, பிறகு இறங்குங்கள். கண் பார்க்காத இடுக்கில் கை வைக்காதீர்கள். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசு கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் சிம்பு வைத்து, ஆளை நடக்க விடாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கழிவறை, சோப்பு, சன்ஸ்கிரீன்?

நீரிலிருந்து 60 மீட்டராவது தள்ளி, 15 முதல் 20 செ.மீ. ஆழம் தோண்டி மூட வேண்டும். பள்ளத்தாக்கே 60 மீட்டர் அகலம் இல்லையென்றால் இரட்டைப் பையில் கட்டி மேலே எடுத்து வருவதுதான் வழி. மட்கும் சோப்பு என்று போட்டிருந்தாலும் ஓடையில் கரைக்கக் கூடாது, மட்குவதற்கு அதற்கு மண் வேண்டும். சன்ஸ்கிரீனை மேலே வண்டியருகிலேயே பூசிவிடுங்கள். மடுவின் மேல் எண்ணெய் மினுமினுப்பாக மிதப்பது பூசியவுடன் குதித்தவர்கள் விட்டுப்போனது. முழுக்கைச் சட்டையோடு நீந்தினால் பாதிக்குப் பாதி பூசினால் போதும்.

இடத்தைப் படத்தோடு எல்லோருக்கும் பகிரலாமா?

முதலில், அது யார் நிலம், அனுமதி தேவையா, எந்த மாதங்களில் மூடியிருக்கும் என்று வனத்துறையிடமோ நிலத்துக்காரரிடமோ கேட்டுவிட்டுத்தான் நீங்களே போயிருக்க வேண்டும். படத்தைப் போடுங்கள், துல்லியமான இடக்குறியை எடுத்துவிட்டுப் போடுங்கள். நான்கு வண்டி நிற்கிற ஓரத்தில் நாற்பது வண்டி வந்தால் பாதை மூடப்படும். தனியாக யாராவது வழி கேட்டால், மடுவின் அழகைச் சொல்லும் முன் ஏற இரண்டரை மணி ஆகும் என்பதைச் சொல்லுங்கள். அதைக் கேட்டும் வருகிறேன் என்பவருக்கு இடக்குறியை அனுப்பலாம்.